பின்மண்டைப் படம்

சிகாகோ மாநாட்டுக் கூடத்தில் அன்று மத்தியானம் எங்கே பார்த்தாலும் பலகைகள். பலகைக்கு ஒரு ஆய்வுச் சுவரொட்டி, சுவரொட்டிக்கு ஒரு ஆள், அந்த ஆளின் கழுத்தில் பெயரட்டை, கையில் பீர். மூளையைப் பற்றிப் பேச வந்த கூட்டம், அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தது.

ட்வைலா பிரான்வோல்டு மட்டும் பீரைத் தொடவில்லை. அவள் பின்னால் இருந்த சுவரொட்டி, அவளுடைய பேராசிரியர் ஹார்லன் கெஸ்டர்சனின் பெருமை. டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டும் மாத்திரை ஒன்றைப் போட்டவர்களுக்கு, பரிசு கிடைத்தால் துள்ளும் மூளைப்பகுதி ஸ்கேன் படத்தில் பளிச்சென்று சிவந்திருந்தது. 'மாத்திரை ஆவலைத் தூண்டுகிறது' என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. ஓரத்தில் கெஸ்டர்சன் சிரிக்கும் போட்டோ. அத்தனை ஸ்கேனையும் எடுத்தவள் ட்வைலாதான். அந்தத் தலைப்பை நம்பாதவளும் அவள்தான்.

ஸ்கேன் இயந்திரம் நரம்புகளின் பேச்சை ஒட்டுக்கேட்பதில்லை. ரத்தம் எங்கே பாய்கிறது என்று பார்க்கிறது, மிச்சத்தை நாம் ஊகிக்கிறோம். அந்த மாத்திரையோ ரத்தக் குழாய்களையும் சும்மா விடாதது. அதற்காகவே ட்வைலா எல்லோருக்கும் மினுக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களையும் காட்டியிருந்தாள். அவற்றைப் பார்ப்பது பின்மண்டையின் வேலை. பரிசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரை போட்டதும் அங்கேயும் அதே அளவு சிவப்பு ஏறியது. முதலில் ஏறியது அவள் தலையிலேயே. ஸ்கேன் எடுப்பவர் முதலில் தானே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆய்வகத்து வழக்கம்.

அச்சுக்குப் போகுமுன் பின்மண்டைப் படங்களை எல்லாம் கெஸ்டர்சன் வெட்டிவிட்டார்.

"இடம் பத்தல ட்வைலா," என்றார்.

"உங்க போட்டோவுக்கு மட்டும் இடம் இருந்துச்சே?"

"நக்கல் வேண்டாம். ஜூன்ல உன் வேலைய நீட்டிக்க யார் கையெழுத்துப் போடணும்னு ஞாபகம் வெச்சுக்க."

அது மறந்தால்தானே. நினைத்தாலே பயம்தான். ஆனால் அந்தக் குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் கிடந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், எது தெரிந்தாலும் மறைக்காமல் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்தது அவள் வாய்தான். அதை நினைத்தபோது வந்த கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது பையிலிருந்து, பின்மண்டைப் படம் ஒன்று அச்சடித்த மடித்த தாளை எடுத்தாள். சரியாகக் கெஸ்டர்சனின் சிரிப்பு மறையும்படி வைத்து, குண்டூசிகளை அழுத்திக் குத்தினாள்.

வின்னிபெக், கனடா என்று பெயரட்டையில் போட்டிருந்த ஒரு நரைத்த அம்மாள் வந்து நின்றார். "இது என்னம்மா, ஒட்டுப் போட்ட மாதிரி?"

"வெட்டினதத்தான் திரும்ப ஒட்டியிருக்கேன்," என்று ட்வைலா பின்மண்டைக் கதையைச் சொன்னாள்.

"அப்ப உங்க தலைப்பு தப்பா?"

"தப்பான்னு தெரியாது. மாத்திரை ஆவலத்தான் கூட்டுச்சா, இல்ல வெறும் ரத்த ஓட்டத்தக் கூட்டுச்சான்னு இந்தப் படங்கள வெச்சுச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதத கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்."

பக்கத்துப் பலகைகளில் இருந்தவர்கள் பீரோடு நகர்ந்து வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு கெஸ்டர்சனும் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை.

"அதக் கழட்டு."

"எதுக்கு?"

"ஆய்வுக்கு வந்தவங்க படத்த அவங்களக் கேக்காம மாட்டக் கூடாது. இது ஒண்ணு போதும், உன்ன இப்பவே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"கேட்டேன். சரின்னுட்டா."

"யாரு?"

"நான்தான். இது என் தலை, ஹார்லன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெஸ்டர்சனின் காது சிவந்தது. ட்வைலா பலகையை விட்டு ஓரடி விலகினாள்.

"வேண்டாம்னா நீங்களே கழட்டுங்க. இவங்க எல்லாம் பாத்துட்டுத்தான் நிக்கறாங்க."

அவர் கை குண்டூசி வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. வின்னிபெக் அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். படம் மறைக்குது."

கெஸ்டர்சன் தள்ளி நின்றார். ஜூனோடு வேலை போய்விடும் என்று ட்வைலாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போனால் போகட்டும் என்று, புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், இந்தத் தடவை இன்னும் உரக்க.