சட்டைக்கு வளர்ந்த பிள்ளை

வல்லத்திராக்கோட்டைச் சோலையப்பனுக்குப் பிறந்த மூன்றாவது குழந்தை, அதன் தாய் தைத்துப் போட்ட சட்டையின் அளவுக்கு வளர்ந்ததே தவிர, வயதுக்கு வளரவில்லை. சட்டை பெரிதானால் பிள்ளை பெரிதானது. சட்டை கோணலானால் பிள்ளையும் கோணலானது. தாயார் அழகம்மாளுக்குத் தைக்கத் தெரியாது என்பதுதான் இதில் இருந்த ஒரே தொல்லை. கடலை மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் இழுத்துத் தைத்துப் பழகிய கை அவளுடையது. மூட்டைக்குக் கழுத்து, அக்குள், கை என்று எதுவும் கிடையாது. தையல் விடாமல் இருந்தால் போதும். அழகம்மாளின் தையல் எதுவும் விட்டதில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள் போன 1948-இல் அவள் மூன்றாம் முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் குழந்தை முப்பதாம் நாள் சாமி கும்பிடும்வரை இருக்கவில்லை. இரண்டாவது அதைத் தாண்டியது, பல் முளைக்கும்வரை இருக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டித் துணி தைக்கக் கூடாது, பிறந்ததும் பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும் என்று ஊரில் உள்ள பெண்கள் சொன்னதை இரண்டு முறையும் அவள் அப்படியே கேட்டிருந்தாள். மூன்றாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, ஆலங்குடிச் சந்தைக்குப் போன சோலையப்பனிடம் சீட்டித் துணி வாங்கிவரச் சொன்னாள். வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து எல்லாரும் பார்க்க வெட்டினாள். அடுத்த வீட்டுக்காரி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ரெண்டுக்கும் நீங்க சொன்னபடிதானே பழந்துணி சுத்துனேன். என்னத்தக் கண்டேன்?" என்று கேட்டாள் அழகம்மாள். துணியைத் தரையில் விரித்துக் கண் அளவில் வெட்டி, மூட்டைத் தையல் போட்டுச் சட்டையை முடித்தாள். இடது கை வலது கையைவிட நான்கு விரற்கடை நீளமாக இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளை அதையெல்லாம் பார்க்கப்போகிறதா என்று மடித்து வைத்துவிட்டாள்.

பிறந்தது பெண். ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. மருத்துவச்சி மூக்காயி தூக்கிப் பார்த்துவிட்டு, அதன் வாயில் விடத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அதன் அர்த்தம் அழகம்மாளுக்குத் தெரியும். படுத்தபடியே சட்டையை எடுத்துக் குழந்தைக்கு மாட்டினாள். சாக்குப்பைக்குள் போட்ட மாங்காய் மாதிரி குழந்தை சட்டைக்குள் கிடந்தது. மத்தியானம் தூங்கி எழுந்தபோது சட்டை நிறைந்திருந்தது. கழுத்து கழுத்தில் இருந்தது, கால்கள் உடம்புக்கு ஏற்ப நீண்டிருந்தன. இடது கை மட்டும் வலது கையைத் தாண்டி முழங்காலைத் தொட்டது. மூக்காயி இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"கைதான் ஆத்தா கோணல். உசுரு நேரா இருக்கு. கையை ஆற அமரப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை என்று பிச்சையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். அழகம்மாள் இடது கைத் துணியைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைத்தாள். அடுத்த மத்தியானத் தூக்கத்தில் கை குறைந்தது. ஆனால் வெட்டியது அதிகமாகிவிட்டதால் இப்போது வலது கை நீளமாகத் தெரிந்தது. வலதை வெட்டினாள். பிறகு இடது நீளம். குழந்தைக்குக் கையே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து ஒட்டுப்போட்டுத் தைத்தாள். ஒட்டுப்போட்ட இடத்தில் குழந்தையின் தோல் கொஞ்சம் வேறு நிறமாக இருந்தது. அது கடைசிவரை மாறவில்லை. "அளந்து வெட்டக் கூடாதா?" என்று சோலையப்பன் ஒரு நாள் கேட்டான். கத்தரிக்கோலும் துணியும் அவன் மடியில் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு அவன் அளவைப் பற்றிப் பேசவில்லை.

வேறு யாராவது தைத்தால் தேவலை என்று அவளும் பார்க்காமல் இல்லை. ஆலங்குடியில் மிஷின் வைத்திருந்த தையல்காரர் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த கவுன் பிள்ளையின் மேல் துணியாகத்தான் தொங்கியது. கீரனூரில் வாழ்க்கைப்பட்ட சோலையப்பனின் அக்கா ராக்காயி கைவேலையில் பேர் வாங்கியவள். பூத்தையல் போட்டு, சுருக்கம் வைத்து, ஓரத்தில் வாத்துக் குஞ்சு வரிசை போட்டு ஒரு சட்டை அனுப்பினாள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் தூங்கியும் ஒரு நூல்கூட வளரவில்லை. அழகம்மாள்தான் தைக்க வேண்டும், அவளுடைய மூட்டைத் தையல்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. களையெடுப்பும் கடலை பிடுங்குவதும் இருக்கிற வீட்டில், வருஷத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து ஒரு மனுஷியைத் தைத்து எடுப்பது சின்ன வேலையில்லை. கழுத்து இறுகித் தைத்த வருஷம் பிள்ளைக்குக் குரல் கீச்சென்று ஆனது. முதுகில் ஒரு மடிப்பு விழுந்ததைக் கவனிக்காமல் விட்ட வருஷம் ஐப்பசிவரை பிள்ளை கூனி நடந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் யோசனை சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தன் குள்ளமான மகனைக் கூட்டிவந்து, இவனுக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். தைத்துக் கொடுத்தாள். அந்தப் பையன் வளரவில்லை. சட்டைதான் நன்றாக உழைத்தது என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பொம்மை செய்வதில் மட்டும் அழகம்மாளுக்கு நிம்மதி இருந்தது. பொம்மையில் தப்பு நடந்தால் பொம்மைதான் கோணும். மிஞ்சிய துணியில் கடலைத் தோலை அடைத்து யானை, கிளி, மாடு என்று தைத்துத் தள்ளினாள். யானையைப் பன்றி என்றார்கள், கிளியைத் தேள் என்றார்கள். பிச்சையம்மாளுக்கு எல்லாவற்றின் பெயரும் தெரியும். ஐந்து வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். எட்டவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அழகம்மாள் வீட்டுக்கு வந்து கைகளுக்கு மட்டும் இரண்டு விரற்கடை ஒட்டுப்போட்டுத் தைத்து, பிள்ளையை மத்தியானம் தூங்கவைத்து, சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனாள். காதைத் தொட்டது. வாத்தியார் பெயரை எழுதிக்கொண்டார்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது அழகம்மாள் தைத்த சட்டையில் எந்தக் குற்றமும் இல்லை. எப்படி அமைந்தது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் ஒன்றாக இருந்தன, தோள் நேராக நின்றது, கழுத்து வட்டமாக இருந்தது. பிச்சையம்மாளை நிறுத்தி முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், வெயிலில் நிறுத்தி நிழலைக்கூடப் பார்த்தாள். அப்போதுதான் கீரனூரிலிருந்து ராக்காயி பஸ் ஏறி வந்தாள்.

ராக்காயியின் மகன் முத்துராமனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிச்சையம்மாள் அவனுக்கு முறைப்பெண். பிள்ளை வளரட்டும் என்று ராக்காயியும் பார்த்திருந்தாள். கீரனூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் மகன் வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான் என்று ஆனதும், பார்த்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று யோசித்திருக்கிறாள். பையிலிருந்து சிவப்புப் பட்டுத் துணியையும், தன் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலையும் எடுத்து வைத்தாள்.

"ஒக்காந்து தச்சா ஒரு வாரத்துல முடிஞ்சுபோற வேலை அழகு. தையில கல்யாணத்த வச்சுக்கலாம். இதுக்கு எதுக்கு அத்தனை வருசம் காத்துக் கெடக்கணும்?"

"மதினி, எம் புள்ளைக்கு ஒம்பது வயசு."

"ஒசரம் வந்துட்டா வயசை யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

சோலையப்பன் தொண்டையைச் செருமினான். "அக்கா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றான்.

"என்ன இருக்கு?"

அக்கா அவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் முகம் வாடினால் அவனுக்குச் சோறு இறங்காது. மறுநாள் அழகம்மாள் களையெடுக்கப் போயிருந்த நேரத்தில், ஊசி அவளுடையதாக இருந்தால் போதாதா என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவனே அந்தக் கோணி ஊசியை எடுத்து அந்தப் பட்டில் தைக்கத் தொடங்கினான். விரலெல்லாம் குத்திக்கொண்டு கால்வாசி வந்திருந்தபோது அழகம்மாள் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கினாள். துணியை அவன் கையிலிருந்து வாங்கினாள். வெட்டினாள். கடலைத் தோலை அள்ளி அடைத்தாள். மற்ற யானைகளைப் போல இல்லாமல் இதற்கு நான்கு காலும் தும்பிக்கையும் யார் பார்த்தாலும் யானை என்று சொல்லும்படி இருந்தன. அதை ராக்காயியின் பையில் வைத்தாள்.

"கொண்டுபோயி ஒங்க மகனுக்கு வெளையாடக் குடுங்க. சாயங்காலம் பஸ் இருக்கு."

ராக்காயி போனாள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த வீட்டில் காலெடுத்து வைக்கவில்லை. முத்துராமனுக்கு விராலிமலைப் பக்கம் பெண் எடுத்தார்கள். அவனுடைய மூத்த பிள்ளை அந்தப் பட்டு யானையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியது என்று பின்னால் கேள்விப்பட்டார்கள். சோலையப்பனோடு அழகம்மாள் ஒரு கடலை வெள்ளாமை முழுவதும் பேசவில்லை. அவன் கேட்டால் மாட்டிடம் பதில் சொன்னாள். ஊசியை அடுப்படிச் சுவரில் செருகினாள். செருகியதுதான், எடுக்கவில்லை.

பிச்சையம்மாள் ஒன்பது வயது அளவிலேயே நின்றாள். மிஷினில் தைத்த துணிகளை அதே அளவில் வருஷாவருஷம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. முத்துராமன் கல்யாணம் முடிந்ததும் அழகம்மாள் மறுபடி ஊசியை எடுப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் எடுக்கவில்லை. ராக்காயி போனால் இன்னொருத்தி நூலோடு வருவாள் என்றாள். அதோடு, அவள் ஆயுளில் அமைந்த ஒரே நேரான சட்டை அது. அதைப் பெரிதாக்கப்போய் மறுபடி கூன் விழுந்தால் யார் பார்ப்பது? பிச்சையம்மாள் ஆறாம் வகுப்புக்குப் போனாள், ஏழாம் வகுப்புக்குப் போனாள். முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் அவளைக் கையைப் பிடித்து நாலாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டார். தன் பெயர் எட்டாம் வகுப்பில் இருக்கிறது என்று அவள் சொன்னதற்கு, பொய் சொல்லக் கூடாது என்று முட்டி போடவும் வைத்தார்.

"ஆத்தா, எனக்கு ஒரு சட்டை தச்சுக் குடு" என்று அன்றைக்கு வந்து கேட்டாள்.

"இதுல என்னடி கொறை? ரெண்டு கையும் ஒண்ணா இருக்கு."

"ஒண்ணா இருந்து என்ன பண்ண? கெணத்துல கயிறு எட்டல. எங்கூடப் படிச்சவ எல்லாம் என்னைய இடுப்புல தூக்கி வச்சுக்கப் பாக்குறாளுக."

"எனக்குக் கண்ணு தெரியல. போ அங்கிட்டு."

கண் தெரியாமல் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். தாயும் மகளும் இப்படித் தினமும் ஒரு முறை பேசிக்கொண்டார்கள். சோலையப்பன் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். 1963 தீபாவளிக்கு முன்னால் அவன் ஆலங்குடிக்குப் போய் வெள்ளை வாயில் ரகத் துணி வாங்கிவந்து மனைவியின் முன்னால் வைத்தான். எவ்வளவு வேண்டும் என்று தெரியாததால் முழு பீஸாகவே வாங்கிவிட்டதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். அழகம்மாள் அதைப் பிரிக்காமல் பரணில் போட்டாள்.

கடலை பிடுங்கும் நாட்கள் வந்தன. காலையில் போனால் பொழுது சாயத்தான் அவர்கள் இரண்டு பேரும் திரும்புவார்கள். பிச்சையம்மாள் அம்மிக்கல்லின் மேல் பானையைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறிப் பரணிலிருந்து துணியை இழுத்தாள். சுவரிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள். அவளுக்கு யாரும் தைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தையலுக்குள்ளேயே ஒன்பது வருஷம் வளர்ந்தவளுக்கு அது எப்படிப் போகும் என்று தெரியும். எந்த அளவும் எடுக்காமல் தைத்தாள். தைத்ததை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். முடிந்த அன்றைக்கு மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சரியாக இழுத்துவிட்டுப் படுத்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் அழகம்மாள் அன்றைக்குச் சீக்கிரமே வீடு திரும்பினாள். முதலில் வாசற்படிக்கு வெளியே இரண்டு பாதங்களைப் பார்த்தாள். யாரோ ஆம்பிளை வந்து படுத்துக் கிடக்கிறான் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளை உடுப்பில் பிச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அழகம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து நுனிவிரலைப் பார்த்தாள். தோளைத் தடவினாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். தையல் அங்கங்கே ஓடிக் கோணியிருந்தது. ஆனால் பிள்ளை நேராக இருந்தது. முகத்தைப் பார்க்க அவள் கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

"எதுக்குடி இம்புட்டு ஒசரம்?"

"துணி இருந்துச்சு ஆத்தா. வெட்ட மனசு வரல."

அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தக் கட்டிலில் படுப்பாய், எவன் உன்னை நிமிர்ந்து பார்த்துத் தாலி கட்டுவான், ஒரு சேலைக்கு இரண்டு சேலை வாங்க உங்கப்பன் எங்கே போவான் என்று வரிசையாகக் கேட்டாள். பிச்சையம்மாள் கேட்டுக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகத் திரும்பினாள். வாசல் நிலையில் நெற்றி இடித்தது. குனிந்து வெளியே போனாள். கிணற்றடியில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபடி அழகம்மாள், மகள் படுத்திருந்த பாயிலேயே சாய்ந்தாள். இனித் தைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாளோ, வேறு என்ன நினைத்தாளோ, நல்ல பகலில் அவள் குறட்டை விட்டுத் தூங்கியதை ஊரார் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

சோலையப்பன் கடலைக் கூடையோடு வந்தபோது, மகள் தண்ணீர் வாளியோடு குனிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள். அவன் அவளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான், நிலையை ஒரு முறை பார்த்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழை வருவதற்குள் தச்சு வேலை பார்க்கும் ஆண்டியப்பன் ஆசாரியைப் பார்த்துச் சொல்லிவரக் கிளம்பினான். அடுத்த வாரம் ஆசாரி வந்து, சுவரை இடித்து, நிலையை இரண்டு சாண் உயர்த்திவிட்டுப் போனார்.