கூட்டி எழுதிய பத்து நிமிடம்

என் கணவர் கடைசியாக என்னிடம் கேட்டது தலைவலி மாத்திரை. மேசை இழுப்பறையில் காலி அட்டைதான் கிடந்தது.

"ஒரு மாத்திரை வெச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் விமானத்துக்குக் கணக்குப் போடுற."

"தலைவலின்னா பேசாம இருங்க. வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகாது."

சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடுபாதைப் பக்கம் நடந்தார்.

அந்தச் சீட்டை எழுதுவதுதான் என் வேலை. மருந்துப் பெட்டிகள் ஏற்றிச் செல்லும் சிறிய விமானங்கள் எங்களுடையவை. எந்த விமான நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அன்றைய காற்றில் எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுப்பேன். அந்த நேரத்துக்கும் அதற்குமேல் அரை மணிக்கும் எரிபொருள் நிரப்புவார்கள்.

அவர் ஓட்டும் நாளில் மட்டும் பத்து நிமிடம் கூட்டி எழுதுவேன். கல்யாணமான மாதத்திலிருந்து, பதினோரு வருடம். அவரிடம் சொன்னதில்லை.

அன்று காலை புது மேலாளர் பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஓட்டினா மட்டும் ஊரு பத்து நிமிஷம் தள்ளிப் போயிடுதா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். காது மடல் சுட்டது. அன்று என் கணவருக்கான சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். காற்றைப் பொறுத்து நேரம் தினமும் மாறும் என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்காது.

அவர் இரண்டேகாலுக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். எரிபொருள் நிரப்புகிறவர் கையெழுத்து வாங்க வந்தார். 'டேங்கர்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். காலையில் நடந்த கேலி அவர் காதுக்கும் போயிருந்தது.

"அந்தப் பத்து நிமிஷம் அண்ணனுக்கு எப்பவோ தெரியும்க்கா. 'இதுல என் பொண்டாட்டி பயம் பத்து நிமிஷம், அதைக் கழிச்சிட்டு ஊத்து, ரெண்டு பெட்டி கூட ஏத்தலாம்'னுவாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். ஏன்க்கா?"

கையெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரேடியோ அறைக்கு ஓடினேன். அவர் போன ஊரில் மழை இறங்கிவிட்டதாம். ஓடுபாதை தெரியும்வரை மூன்று விமானங்களை வட்டமிட வைத்திருக்கிறார்களாம். இவருடையது மூன்றாவது.

"இவரை முதல்ல இறக்கச் சொல்லுங்க. எரிபொருள் பத்தாது."

ரேடியோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு தூரத்துக்கு எங்கள் ரேடியோ எட்டாது; அந்த விமான நிலையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது முறைதான் எடுத்தார்கள். வரிசையை மாற்றினார்கள். இறங்க ஆரம்பித்துவிட்டார் என்றார்கள். அப்புறம் அந்தப் பக்கத்துக் குரல் நின்றுபோயிற்று. போனை வைக்கவுமில்லை. தூரத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடுபாதைக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது எரிபொருள் தீர்ந்தது என்று விசாரணையில் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்ட அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க எழுதினது சரியான நேரம்தானேம்மா. அதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

நான் வேலையை விட்டுவிட்டேன். டேங்கர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார்.

அந்த ஊருக்குப் போகும் விமானம் இப்போதும் மதியம் இரண்டேகாலுக்குத்தான் கிளம்புகிறது.