சந்தனமாரியின் ஆவணி பத்து

1
இந்தக் கதை நானாக நினைத்து எழுதியதல்ல. வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "கணக்கும் கவிதையும் எழுதினாரே அந்தப் பாரசீகர், அவரைப் பற்றி ஒரு கதை கொடுங்கள். மதுக்கிண்ணமும் ரோஜாவும் கட்டாயம் வேண்டும்." பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் உங்களுக்கும் கிண்ணம்தான் ஞாபகம் வரும். முதல் வரி இது:

வானாய்வுக் கூடத்தின் படியில் அவர் கால் வைத்தபோது பாலைவனக் காற்று

(அடித்துவிட்டேன். பாலைவனக் காற்றை நான் கண்டதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்க வரும் காற்றுதான் எனக்குத் தெரியும்.)

2
மறுபடியும் ஆரம்பிக்கிறேன். ஆண்டுக் கணக்கைச் சரிசெய்யச் சொல்லி சுல்தான் அவரை அழைத்தார். புத்தாண்டு வசந்தத்தை விட்டு நழுவிப் போயிருந்தது. அவரும் கூட்டாளிகளும் வருடக்கணக்கில் வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் மேஷத்தில் நுழைவது நண்பகலுக்கு முன்னால் என்றால் அன்றே புத்தாண்டு, பின்னால் என்றால் மறுநாள் என்று விதி வைத்தார்கள் என்கிறார்கள். சுல்தான் ஒருவர், விதி ஒன்று. சண்டை வரவில்லை.

சண்டை இல்லாத இடத்தில் எனக்குக் கதை வராது. ஆகவே கொச்சிக்கு வருகிறேன். இங்கே சுல்தான் இல்லை.*

(* ராஜா இருந்தார். அவரும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வெளியே கிளம்பியிருப்பார்.)

3
எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணிக் காலை. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்துக் கொச்சங்காடியில், தமிழ்நாட்டிலிருந்து வந்து மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளியாகத் தங்கிவிட்ட சுடலைமுத்துவின் வீடு. அவர் மகள் சந்தனமாரி நாளைய தன் கல்யாணத்துக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் பந்தலுக்கு நாலு கால் மட்டும் நட்டிருந்தது, கூரை இல்லை. அப்போது முகப்பில் வாழைக்கன்று கட்டிய வேன் ஒன்று சந்துக்குள் நுழைந்தது. கடையநல்லூரிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு இறங்கினார்கள்.

"என்ன சம்மந்தி, ஒரு திவசம் முன்னாடியே வந்தாச்சு! நல்லது, வரணும். சாயா குடிக்கலாம்" என்றார் சுடலைமுத்து. (கொச்சியில் திவசம் என்றால் வெறும் நாள்தான்.)

மாப்பிள்ளையின் அப்பா சங்கிலிப்பாண்டி பந்தல் காலைப் பார்த்தார். "சாயா கெடக்கட்டும்வே. ஒம்பது மணிக்கு முகூர்த்தம். நீரு தலையில சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்கீரு?"

"முகூர்த்தம் நாளைக்கல்லே? சிங்ஙம் பத்து."

"சிங்கமும் புலியும் நமக்குத் தெரியாது. இன்னைக்கு ஆவணி பத்து!"

உள்ளே சந்தனமாரியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. மலையாளம் படித்தவள் என்பதால் அப்பாவுக்கு மலையாளக் காலண்டரில் நாள் பார்த்துச் சொன்னவள் அவள்தான்.

4
(நிச்சயத்தில் கிழமை பேசமாட்டார்களா என்று ஆசிரியர் கேட்பார். பேசவில்லை. பத்திரிகை அடிக்காத கல்யாணம். வெற்றிலை மாற்றி, "ஆவணி பத்து" என்று வாயால் சொல்லி எழுந்துவிட்டார்கள். ஆவணிதானே மலையாளத்தில் சிங்ஙம்? எல்லா வருடமும் சரிவராது. சூரியன் ராசி மாறுவது மதியம் சாய்ந்த பிறகு, அந்திக்குள் நடந்தால், தமிழ்ப் பஞ்சாங்கம் அன்றே மாதத்தைப் பிறக்க வைக்கும். மலையாளப் பஞ்சாங்கம் மறுநாள் வரை காத்திருக்கும். அந்த வருடம் சிங்ஙம் அப்படித்தான் ஒரு நாள் பின்தங்கியது. பாரசீகர் வேலி கட்டிய அதே மதியம்தான். அவரைக் கூட்டிவந்து பந்தல் காலருகே நிறுத்தி, எது சரி என்று

வேண்டாம். இரண்டும் சரி என்பார். சுடலைமுத்து அவருக்கும் சாயா கொடுப்பார்.)

5
"அப்ப நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார் சுடலைமுத்து.

"நாளைக்குப் பையனுக்குச் சந்திராஷ்டமம். இன்னைக்கு விட்டா இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

"அண்ணன் நாளைக்கல்லே வரும்?" சந்தனமாரியின் குரல் வாசலுக்கு வந்தது. அண்ணன் ராக்கப்பன் பதினைந்து வயதில் பம்பாய்த் துறைமுகத்துக்குப் போனவன். கூரைச்சேலையோடு ரயிலில் வந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையைக் கைபிடித்துப் பந்தலேற்ற வேண்டியவன் அவன். அவன் இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"கைபிடிக்கத்தானே? ஞான் பிடிக்காம்" என்று முன்வந்தார், சுடலைமுத்துவோடு மூட்டை தூக்கும் அடுத்த வீட்டு முகமது இஸ்மாயில். "சாக்கு பிடிக்கிற கைதானே சேட்டா!" என்று யாரோ சிரித்தார்கள்.

வேனுக்குள்ளிருந்து மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தான். "எப்பா, சும்மா இரும். அந்தப் புள்ளகிட்டக் கேளுங்க. அது சொல்லுதது வரைக்கும் நான் எறங்கல."

சந்தனமாரிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம்.

6
பாரசீகர் கன சமன்பாட்டுக்கு இரண்டு வளைகோடுகளை வரைந்து, அவை வெட்டும் இடத்தில் விடை எடுத்தார். சில கணக்குகளில் கோடுகள் இரண்டு இடத்தில் வெட்டும், சிலதில் வெட்டவே வெட்டாது என்பதை மறைக்காமல் எழுதினார். ஆகவே எனக்கும் இரண்டு முடிவு.

முதல் முடிவு: இஸ்மாயில் கைபிடிக்க, ஒன்பது மணிக்குத் தாலி ஏறுகிறது. மறுநாள் ராக்கப்பன் சேலையோடு வந்து வாசலில் நிற்கிறான்.

இரண்டாவது: வேன் திரும்பிப் போகிறது. மறுநாள் ராக்கப்பன் சேலையோடு வந்து வாசலில் நிற்கிறான்.

(அவன் சேலையோடு நிற்காத மூன்றாவது முடிவைத் தேடி நாலு தாளைக் கசக்கிவிட்டேன்.)

சந்தனமாரி சுவரில் மாட்டிய தேதி கிழிக்கும் காலண்டருக்கு எதிரே நிற்கிறாள். தாள் சிங்ஙம் ஒன்பது என்கிறது. கிழித்தால் பத்து, கல்யாணம் இன்றே. மாவு ஒட்டிய விரல்கள் தாளின் முனையைப் பிடித்திருக்கின்றன. ஆண்டையே அளந்தவர் இந்த ஒரு தாளை என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

நான் பேனாவை மூடிவிட்டேன். ஒன்பது அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அவள் காலண்டரைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள்.