தீக்கோட்டுக்கு உள்ளே

மத்தியானம் மேகம் இறங்கினால் பேத்துப்பாறை மலையில் தோட்ட வேலை நின்றுபோகும். எதிரே நிற்கிற ஆளே தெரியாதபோது யாரை நம்பி அரிவாளை வீசுவது? பேரி மரத்தடியில் சாக்கை விரித்துச் சாய்ந்தாள் தேவகுமாரி. கண்ணை மூடியதும் அவள் உடம்பே ஒரு மலையாகக் கிடந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுக்காக இடது மார்பை எடுத்து ஒரு மாதமாகிறது. அந்த இடம் மரம் வெட்டிய சரிவு போல மொட்டையாக இருந்தது. அக்குள் பக்கத்துப் பள்ளத்தில் புல்லுக்கடியில் சிவப்பாக ஏதோ ஊர்ந்தது, சத்தமில்லாமல். அந்தச் சரிவில் எறும்பளவு தேவகுமாரி ஒருத்தி, மண்வெட்டியால் புல்லைச் செதுக்கிக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். சிவப்பு வந்து கோட்டருகே நின்று அவளைப் பார்த்தது. தாண்டவில்லை.

ஐந்து நாளாக இதே கனவு. தாடிப்பாசிக் கஷாயம் குடிக்கத் தொடங்கியும் ஐந்து நாள்தான்.

சோலைக்காட்டு மரங்களில் நரைத்த தாடியாகத் தொங்குகிற பாசியைப் பறித்துக் கொடுக்க, கல்லூரி ஆராய்ச்சிக்காரி செலினாவோடு போவது அவளுக்கு ஒரு சோலி. போன வாரம் செலினா மடிக்கணினியில் இரண்டு படங்கள் காட்டினாள்.

“தட்டுல கேன்சர் செல்லை வளர்த்து, நடுவுல ஒரு கீறு போட்டோம்க்கா. இதுல பாருங்க, ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் நகர்ந்து வந்து மூடிருச்சு. இதுல உங்க பாசியோட சத்தைக் கலந்தோம். கீறு அப்படியே கெடக்கு.”

தேவகுமாரிக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. படத்தில் இருந்தது அவள் கைவேலை. மாசி பிறந்தால் வனத்துறைக் கூலிக்குப் போய், தீ தாண்டாதபடி புல்லும் சருகும் சுரண்டி, வெறும் மண் தெரிய மலைமேல் இழுக்கிற தீக்கோடு. அதை அவளுக்கு ஒருவர் விளக்க வேண்டுமா?

“ஏ புள்ள.” புருஷன் மூக்கையா காலால் சாக்கை நெம்பினான். “நாளைக்கு வெள்ளனே மதுரை பஸ்ஸு. டாக்டரு கரண்டு வைக்க, அதான் அந்தக் கதிர்வீச்சுக்கு, வரச் சொல்லியிருக்காரு, தவறக் கூடாதுன்னு. நீ பையக்கூட எடுத்து வைக்கல.”

“போவல. மருந்து மரத்துல தொங்குது.”

“மரத்துல தொங்குறதெல்லாம் மருந்துன்னா கொரங்குக்கு நோவே வராதே.”

“கொரங்குக்கு நோவு வந்து நீரு பாத்தீரா?”

மேகத்துக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வந்தாள் செலினா. மூன்று கல் அடுப்பில் கொதித்த சட்டியை எட்டிப் பார்த்தவள் முகம் வெளுத்தது.

“இதையாக்கா குடிக்கிறீங்க? எத்தன நாளா?”

“அஞ்சு நாளா. சிலோன் தேயிலத் தோட்டத்து லயத்துல கசப்பே குடிச்சு வளந்தவ நான், ஒண்ணும் செய்யாது.”

“ஈரலைக் கெடுத்துரும்க்கா. அது தட்டுல நடந்தது. மனுச உடம்புல இன்னும் யாரும் பாக்கல. அன்னைக்கே அழுத்திச் சொல்லாம விட்டது என் தப்பு.”

“அதான் தீக்கோடு விழுந்துருச்சே மிஸ். கண்ணால பாத்தேனே.”

செலினா திண்டுக்கல்லில் வளர்ந்தவள். தீக்கோடு என்றால் என்னவென்று கேட்டாள். மூக்கையா சொன்னான்.

“சரிக்கா, கோடு போட்டுட்டா தீ அணைஞ்சிருமா?”

தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

“அதெப்படி அணையும்? கோடு அது பாட்டுக்குக் கெடக்கும். நாமதான் உள்ள போயி பச்சக் கொப்ப ஒடிச்சு அடிக்கணும். அசந்து டீ குடிக்க ஒக்காந்தா, காத்துல ஒரு பொறி பறந்து கோட்டுக்கு அந்தப் பக்கம்...”

நிறுத்திவிட்டாள்.

அப்படி ஒரு மாசியில் டீ குடிக்க உட்கார்ந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். கோடு ஒரு மயிரிழை கலையாமல் கிடக்க, பின்னால் மலை முழுக்க எரிந்தது.

அவள் கை தானாக அக்குளுக்குப் போனது. மேகம் மரங்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எந்தக் கோட்டையும் மதிக்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தது. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி அடுப்பிலேயே கவிழ்த்தாள். சாம்பல் புஸ்ஸென்று எழும்பி அடங்கியது.

“டாக்டர்ட்ட இதக் குடிச்சேன்னு மறைக்காமச் சொல்லிருங்கக்கா,” என்றாள் செலினா.

“சொல்லுறேன். நீங்களும் வெரசா அத உடம்புல பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

மறுநாள் பஸ் மேகத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. மூக்கையாவின் தோளில் அவளுக்குக் கண் சொருகியது. அதே மலை, அதே சிவப்பு. இந்தமுறை அவள் கையில் மண்வெட்டி இல்லை, பந்தம் இருந்தது. பெருந்தீ வருகிற வழியில் முந்திக்கொண்டு சின்னத் தீ வைப்பார்கள். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது.

“கரண்டு வச்சா தோலு கருகிப்போகுமாம்ல,” என்றான் மூக்கையா மெதுவாக.

“கருகட்டும்,” என்றாள், கண் திறக்காமல்.