கிளிப்புக்கு அடியில் ஒரு நகம் அளவு பச்சை

நாடகக் குழுக்காரர்களும் அருங்காட்சியகத்துக்காரர்களும் பழைய ராணுவ ஹெல்மெட்டுக்கு நல்ல நகல் வேண்டுமென்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். ஆலையில் அச்சடித்து வரும் இரும்பு நகலை வாங்கி, அதன் பெயின்டை உரித்துவிட்டு, எந்தப் போர், எந்த வருஷம் என்று பார்த்து அந்தக் காலத்துப் பச்சையை அச்சு அசலாகப் பூசித் தருவான். பச்சையில் ஒரு சொட்டு பழுப்பு கூடினாலும் சாப்பாடு இறங்காது. தொழிலில் இருந்தவர்கள் அவனுக்குத் 'துல்லியம்' என்று பேர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பேர். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அக்கா ஒரு துணிப்பையில் தன் வீட்டுக்காரரின், அதாவது மாமாவின், ஹெல்மெட்டைக் கொண்டுவந்தாள். மாமா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போன வருஷம்வரை அவர் கைபட்ட ஹெல்மெட், அதற்கப்புறம் அலமாரி மேல் சும்மா கிடந்தது.

"விளிம்புல துரு புடிச்சிருக்குடா. அதை மட்டும் சரி பண்ணிக் குடு. வேற எதையும் தொடாத" என்றாள் அக்கா.

"சரிக்கா, வெச்சிட்டுப் போ."

அதை மட்டும் என்றால் அதை மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் துல்லியத்துக்குக் கை சும்மா இருந்தால்தானே. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். மஞ்சள் பாய்ந்த பச்சை, பளபளவென்று ஒரு மினுக்கு. இது என்ன பச்சை என்று எரிச்சல் வந்தது. எரிச்சலோடு பழைய கதையும் வந்தது.

மாமா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று எழுதிக்கொண்டே முப்பது வருஷத்தை ஓட்டியவர். மச்சானின் பட்டறையைப் பார்த்து ஆசைப்பட்டு, நசுங்கிய நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பெயின்ட் அடித்து, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட வந்திருந்த அன்று தூக்கிக்கொண்டு வந்தார். "எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

துல்லியத்துக்கு அன்று நாக்கில் சனி. "மாமா, இது போருக்குப் போற தொப்பி இல்ல. தோட்டத்துல கவுத்து வெச்ச பூந்தொட்டி" என்றான். வீடே சிரித்தது. எல்லாரையும்விட மாமாதான் அதிகமாகச் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அவனிடம் ஹெல்மெட் பேச்சையே எடுக்கவில்லை. நாலு வருஷம் கழித்து ஒருமுறை போன் செய்து, "ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேன்டா" என்றார். "பாக்கலாம் மாமா" என்றான். பார்க்கவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். வேலை என்றைக்குத்தான் இல்லை?

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த ஹெல்மெட் வந்தாலும், முதலில் தாடைப் பட்டை மாட்டுகிற கிளிப்பைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். வெயிலும் கையும் படாத இடம் அதுதான். நிஜமான நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குவான். மாமாவின் ஹெல்மெட்டுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. பூந்தொட்டிக்கு அடியில் என்ன பார்ப்பது?

பெயின்ட் உரிக்கும் ஜெல்லைத் தாராளமாகப் பூசினான். ஊறியதும் சுரண்டினான். முதலில் வார்னிஷ் வழுவழுவென்று வந்தது. அடுத்து ஒரு பச்சை, அதற்குக் கீழே இன்னொரு பச்சை, பிறகு பழுப்பு, மறுபடி பச்சை. எண்ணினான், ஏழு பூச்சு. "ஏழு தடவை தப்பு பண்ணியிருக்காரே மனுஷன்" என்று தனியாகச் சிரித்தான். குழம்பாகக் கிடந்ததையெல்லாம் துணியால் வழித்து எறிந்தான். இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

கடைசியாகக் கிளிப்பைக் கழற்றினான்.

அடியில் ஒரு நகம் அளவு பச்சை தப்பித்திருந்தது. வார்னிஷ் எட்டாத இடம். மினுக்கு இல்லை. விரலால் தடவினால் மரத்தூள் நெறுநெறுத்தது. வெயில் பட்டு மின்னாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் தூவுவார்கள். துல்லியம் அசல் நிறங்கள் ஒட்டிய தன் வண்ண அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஜன்னலுக்குக் கொண்டுபோனான். வாசலுக்குக் கொண்டுபோனான். எங்கே வைத்தாலும் அட்டை எது, ஹெல்மெட் எது என்று பிரிக்க முடியவில்லை.

மாமா அந்தப் பச்சையைப் பிடித்துவிட்டிருந்தார். ஏழாவது முறை, மயிரிழை பிசகாமல். அதற்காகத்தான் போன் செய்திருக்கிறார். அவன் பார்த்து முகம் சுளித்த மஞ்சள் வெறும் வார்னிஷ்.

துல்லியம் அட்டையைக் கீழே வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை; வந்திருந்தால் தேவலை. அப்போதே அக்காவைக் கூப்பிட்டு அந்த நகம் அளவைக் காட்டியிருக்க வேண்டும். அவன் செய்ததோ வேறு. உப்புத்தாளை எடுத்து அதையும் தேய்த்துவிட்டான். பூச்சு ஒரே சீராக வர வேண்டாமா என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். அழித்தது அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் நிஜக் காரணம். பிறகு அதே பச்சையைக் கலந்து, அதே மரத்தூளைத் தூவி, மூன்று நாளில் முடித்தான். அவன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்றால் அதுவும் உண்மை.

அக்கா வந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பளபளப்பு போயிடுச்சே?"

"வார்னிஷை எடுத்துட்டேன்க்கா."

"நான்தான் அடிச்சேன். அவர் போனதுக்கப்புறம். தூசு துடைக்கச் சுலபமா இருக்குமேன்னு." விளிம்பை மெல்லத் தடவினாள். "இப்பவாவது சொல்லு. கலர் எப்படி?"

"சரியான கலர்க்கா. ஒரு குறை இல்ல."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "நெஜமாவா? உன் வாயால இதைக் கேக்கணும்னு மனுஷன் எத்தனை ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில உக்காந்து கலக்கினார் தெரியுமா? கையெல்லாம் பச்சையா வந்து சாப்பிட உக்காருவார், நான் திட்டுவேன்." சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டில் கன்னத்தை வைத்தாள்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கன்னம் பட்டது அவன் அடித்த பெயின்டில்.

"அக்கா, இது மாமா அடிச்சது இல்ல. நான் அடிச்சது. எல்லாத்தையும் உரிச்சுட்டேன்."

அக்கா மெதுவாக நிமிர்ந்தாள்.

"அதான் பாத்தேன். நீ அடிச்சா சரியாத்தானே இருக்கும்."

"ஐயோ அப்படி இல்லக்கா. மாமா அடிச்சதும் இதே கலர்தான். சத்தியமா. கிளிப்புக்கு அடியில பாத்தேன்."

"காட்டு."

துல்லியத்தின் கை வண்ண அட்டைப் பக்கம் போய்த் திரும்பியது. ஊரில் எந்த நிபுணன் வந்து எந்தப் பச்சையைச் சந்தேகப்பட்டாலும் அட்டையை நீட்டிக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவன். இப்போது காட்ட ஒன்றும் இல்லை.

"அதையும் தேச்சுட்டேன்" என்றான்.

அக்கா தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவளுக்குக் கோபம் இல்லை, அவன்மேல் இரக்கம்தான் இருந்தது.

"விடுடா. என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே, புரியுது. அவருக்குக் கலர் வராதுன்னு நீ அன்னிக்கே சொல்லிட்டே. நாங்களும் சிரிச்சிட்டு ஒத்துக்கிட்டோம்."

"இல்லக்கா, மாமா கரெக்டா..."

"விடுன்னு சொல்றேன்ல."

பையை எடுத்தாள். ஹெல்மெட்டை உள்ளே வைக்கப் போனவள் நின்றாள். "உள்ள இருக்கிற தோல் பட்டையையாவது தொடாம விட்டியா? அவர் தலை பட்ட இடம்."

"தொடலக்கா. சத்தியமா தொடல."

அது உண்மைதான். இருந்தாலும் அக்கா ஹெல்மெட்டைத் திருப்பி, ஜன்னல் பக்கம் போய், தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.