செனட்டருக்கு இடைஞ்சல்

தன் சொந்த நிலத்தில் தானே நடமாடக் கூடாது என்று அச்சடித்திருந்த காகிதத்தை வெர்லா டெஷ் இரண்டு தரம் படித்தாள். இரண்டாம் தரம் படித்தபோது காது மடல் சூடேறியது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவளுக்கிருந்த எண்பது ஏக்கரில் மான் வேட்டையாட ஒரு சங்கம் குத்தகை எடுத்திருந்தது. அதைப் புதுப்பிக்கும் அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார் சங்கத் தலைவர் டுவேன் ஹாசல். மனித வாடை வீசக் கூடாதென்று தனி சோப்பில் குளித்து, உடுப்பை மண்ணும் சருகும் போட்ட பெட்டியில் பூட்டிவைத்து உடுத்துகிறவர். ஆனாலும் படியேறும்போதே வறுத்த வெங்காயம் மணத்தது.

"ஆறு வயசுக் கொம்பன் மான், மேடம். பேரே செனட்டர்," என்றார். "நாலு வருஷமா அதோட மனசைப் படிக்கிறோம். வயசான கொம்பன் மனுஷ நடமாட்டம் இருக்கிற இடத்துல ஒரு நிமிஷம் தங்காது. நீங்க என்னடான்னா தினம் ரெண்டு மணிக்கு வாளியைத் தட்டிக்கிட்டு ஓடைப் பாதையில போறீங்க. பாட்டு வேற!"

"கிடேரிங்க அங்கதானே நிக்குது? தீவனத்தைத் தபால்ல அனுப்பவா?"

"உங்க பாட்டைக் கேட்டு செனட்டர் இடத்தையே காலி பண்ணிடுச்சு. சாட்சி இருக்கு."

மரத்தில் கட்டிய கேமரா எடுத்த ஒன்பது படங்களைச் சமையலறை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் வெர்லா, வாளியும் கையுமாக. அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கோழித் திருடியைப் பிடித்தாற்போல. தன் மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோனவளுக்கு வட்டமா? பொங்கி வந்ததை விழுங்கிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக் குனிந்தாள்.

"தம்பி, வட்டத்துக்கு வெளியே பாத்தியா?"

அவள் முதுகுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில், துருப்பிடித்த வைக்கோல் இயந்திரத்தை மூடிய களைக்குள் கொம்பு தெரிந்தது. அடுத்த படத்திலும் அதே கொம்பு. ஒன்பதிலும் செனட்டர் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"பதுங்கிப் பதுங்கி வர்றவனைக் கண்டாத்தான்ப்பா அதுக்குப் பயம். நான் தினம் ஒரே நேரம், ஒரே சத்தம். மழை மாதிரி. நீங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டீங்கன்னும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரு யாரைப் படிச்சது?"

டுவேனுக்கு வெட்கம் வரும் என்று பார்த்தாள். பேனாதான் வெளியே வந்தது. தடையை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: 'தினமும் இரண்டு மணிக்கு வாளியுடன் தவறாமல் நடக்க வேண்டும். பாட்டை மாற்றக் கூடாது.'

"சனிக்கிழமை வேட்டை தொடங்குது, மேடம். அதுவரைக்கும் ஒரு நாளும் தப்பக் கூடாது."

"போகாதேன்னு சொன்னதும் நீ, போன்னு சொல்றதும் நீயா? என் மண்ணுல என் கால் நடக்க உன் உத்தரவு எதுக்குடா?"

காகிதத்தை நான்காய்க் கிழித்து அடுப்பில் போட்டாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வாளியை எடுத்தாள், தட்டவில்லை, பாடவில்லை. ஓடைப் பாதையில் இரண்டடி வைத்து நின்றாள், குனிந்தாள், மறுபடி இரண்டடி வைத்தாள்.

களை வெடித்தது. டுவேன் படியில் நின்று அலறுவதற்குள், செனட்டரின் வெள்ளை வால் வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் மறைந்தது. நேரங்கெட்ட நேரத்தில் வந்த தீவனத்தைக் கிடேரிகள் மறுப்புச் சொல்லாமல் தின்றன.