நான்காம் தொட்டியின் ஈஸ்ட்

நுணுக்குக்காட்டிக்குள் உருண்டைகளுக்கு நடுவே மெல்லிய குச்சிகள் தெரிந்தன. உருண்டைகள் ஈஸ்ட். குச்சிகள் பியரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் பாக்டீரியா. அஜந்தினி தகட்டை நகர்த்திப் பார்த்தாள்; அங்கும் குச்சிகள்.

அவை எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் வீட்டில் ஹீட்டர் பழுது. அப்பத்துக்குக் கரைத்த மா குளிரில் பொங்கவே இல்லை. திங்கட்கிழமை சட்டியோடு கொண்டுவந்து, தான் வேலைசெய்யும் பியர் ஆலையின் ஆய்வுகூடத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டாள். இருபத்தெட்டுப் பாகை, டென்மார்க் குளிரில் மாவுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? மத்தியானம் மூடி கழன்று, மா வழிந்து, பக்கத்தில் ஈஸ்ட் வளர்ந்துகொண்டிருந்த குடுவையின் பஞ்சடைப்பை நனைத்திருந்தது. துடைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. மாலையே அந்தக் குடுவையின் ஈஸ்ட் நான்காம் தொட்டிக்குப் போனது.

இந்த ஆலையைத் தொடங்கியவர் பவேரியாவிலிருந்து வந்த ஒரு ஜெர்மன்காரர். கறுப்பு லாகர், வெளிர் லாகர், வசந்தத்துக்கு மட்டும் கனத்த பொக். மூன்று வகை பியருக்கும் அவர் கொண்டுவந்த ஒரே ஈஸ்ட்தான். ஒரு தொட்டியின் அடியில் படிந்ததை எடுத்து, சிலசமயம் ஆய்வுகூடக் குடுவையில் வளர்த்து, அடுத்த தொட்டிக்கு விடுவார்கள். நூறு வருடமாக அந்தத் தொடர்ச்சி அறுந்ததில்லை. இன்று பத்து மணிக்கு நான்காம் தொட்டியிலிருந்து மற்றவற்றுக்கு விடவேண்டும்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"என்ன பிள்ளை, பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்?" போத்தல் பகுதியில் வேலை செய்யும் பிரதீபன் எட்டிப் பார்த்தான்.

சொன்னாள்.

"அப்ப மாவோ? உனக்கென்ன விசரே?" சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "வாயைத் திறக்காத. புளிச்சா வேற என்னத்திலயோ பிழை எண்டுவினம். உனக்கு வேலையே இன்னும் நிரந்தரமில்லை."

"எல்லாத் தொட்டியும் போயிடும் அண்ணை."

"தொட்டி முதலாளியின்ரை. வேலை உன்ரை."

அவள் படியிறங்கினாள். ஆலையைத் தொடங்கியவரின் கொள்ளுப்பேரனும் இன்றைய முதலாளியுமான ஹென்ரிக் குழாயைப் பொருத்திவிட்டு வால்வில் கை வைத்திருந்தார். கூட்டங்களில்கூட ஒரு சொல் பேசாதவள் அவள். வால்வு அசைந்தது.

"நிறுத்துங்கள்!"

டேனிஷில் அவள் இவ்வளவு சத்தமாகக் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னதை ஹென்ரிக் முழுவதும் கேட்டார். திட்டவில்லை. வால்வை இறுக்கி மூடினார்.

"மா எப்போது சிந்தியது?"

"போன திங்கள்."

"எட்டு நாள்," என்றார். பிறகு, "மூன்றாம் தொட்டியின் அடியில் அதற்கு முந்திய ஈஸ்ட் கொஞ்சம் கிடக்கும். அதுவும் கெட்டிருந்தால் எங்களிடம் வேறில்லை."

மாதிரியை எடுத்துவந்து கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டாள். அவசரத்தில் தகடு இரண்டு முறை நழுவியது. குனிந்து பார்த்தாள். உருண்டைகள். தகட்டை நகர்த்தினாள். உருண்டைகள் மட்டுமே.

"சுத்தம்."

"உன் சொல்லை மட்டும் இனி நான் நம்பமாட்டேன்," என்று ஹென்ரிக் ஒரு கதிரையை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு துளி எடு. நானும் பார்க்கவேண்டும்."

அஜந்தினி புதிய தகட்டை எடுத்தாள்.